உங்கள் பேரில் என்ன இருக்கிறது? போனிலேயே பார்த்துடலாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் பக்கம் ஒரு தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறீர்களா? போன மாதச் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 'பி.எஃப்.' என்று ஒரு தொகை, 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு தொகை கழித்திருப்பார்கள். கழித்தது சீட்டில் தெரிகிறது. ஆனால் அந்தப் பணம் உங்கள் கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்பது சீட்டில் தெரியாது. அதைப் பார்க்க ஆபீசுக்கு அலைய வேண்டாம், ஒரு நாள் லீவும் போட வேண்டாம். கையில் இருக்கிற போனே போதும்.

பயனுள்ள ஆப், இணையதளம் என்று தேடினால் ஆயிரம் வரும். எல்லாவற்றையும் இறக்கிவைத்தால் போன் நிறையுமே தவிர வேலை ஆகாது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்: உங்கள் பேரில், உங்கள் ஊர் பேரில் அரசுப் பதிவுகளில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்க்க உதவும் சேவைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பி.எஃப்.: கழித்த பணம் கட்டப்பட்டதா?

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் உங்களிடம் பிடிக்கப்படும். நிறுவனமும் தன் பங்காக இன்னொரு 1,440 ரூபாய் கட்ட வேண்டும். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போகும். மீதி 440 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

இதைச் சரிபார்க்க 'உமங்' ஆப் இருக்கிறது. மத்திய அரசு 2017 நவம்பரில் கொண்டுவந்தது. தமிழிலும் பார்க்கலாம். அதில் இ.பி.எஃப்.ஓ. என்று தேடி, 'பாஸ்புக்' பகுதியைத் திறந்து, உங்களின் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொடுங்கள். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டதும் மாதவாரியாகக் கணக்கு தெரியும். யு.ஏ.என். எண் சம்பளச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். இல்லை என்றால் கம்பெனி ஹெச்.ஆரிடம் கேளுங்கள். எண்ணை இன்னும் ஆக்டிவேட் செய்யவில்லை என்றால் அதையும் உமங்கிலேயே முடிக்கலாம். ஆதாரும், ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணும் வேண்டும்.

இன்டர்நெட் சரியாக வரவில்லையா? யு.ஏ.என்.னில் பதிவான மொபைலிலிருந்து 99660 44425 எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு ரிங் போய்த் தானாகவே கட் ஆகிவிடும். கடைசியாகச் சேர்ந்த தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். காசு எதுவும் கிடையாது.

பாஸ்புக்கில் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, விடுபட்ட மாதம் இருக்கிறதா? சம்பளத்தில் பிடித்துவிட்டு, பாஸ்புக்கில் அந்த மாதம் இல்லை என்றால் உடனே கேட்க வேண்டும். போன மாதத்துக் கணக்கு ஏற ஓரிரு வாரம் ஆகலாம். அதற்கு முந்தைய மாதங்கள் காலியாக இருந்தால் அது விசாரிக்க வேண்டிய விஷயம்.

இரண்டு, தொகை சரியா? சீட்டில் 1,440 என்று பிடித்துவிட்டு பாஸ்புக்கில் குறைவாக ஏறியிருக்கக் கூடாது.

மூன்று, உங்களுக்கு எத்தனை யு.ஏ.என். இருக்கிறது? கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் முக்கியமாக இதைத்தான் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது சிலருக்குப் புது எண் போட்டுவிடுகிறார்கள். வேலை அதே கேட்டுக்குள், அதே மெஷினில். ஆனால் பதிவில் நீங்கள் இரண்டு ஆள். பி.எஃப். பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். நான்கு வருடம் ஓர் எண்ணிலும் ஆறு வருடம் இன்னோர் எண்ணிலும் கிடந்தால், இரண்டையும் இணைக்காதவரை எந்த எண்ணிலும் 10 வருடம் காட்டாது. ஒருவருக்கு ஒரே யு.ஏ.என்.தான் இருக்க வேண்டும். பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்ற ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை மொத்தமாக எடுத்துவிடும் பழக்கமும் நல்லதல்ல. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் அதுவரை செய்த சர்வீஸும் அதோடு போய்விடும்.

கூடவே வாரிசு நியமனத்தையும் பார்த்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துபோனால், பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வாரிசு பெயர் பதிவாகாமல் இருந்தால் அந்தச் சமயத்தில் மனைவி, பிள்ளைகள்தான் சான்றிதழுக்கு அலைவார்கள். இன்று ஐந்து நிமிட வேலை.

தவறு கண்டால் என்ன செய்வது? முதலில் ஹெச்.ஆரிடம் பாஸ்புக்கைக் காட்டிக் கேளுங்கள். பல நேரம் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாததுதான் காரணமாக இருக்கும். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால், உங்களை வேலைக்கு வைத்திருக்கும் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அங்கேயும் கேட்கலாம். அப்படியும் நடக்கவில்லையா? இ.பி.எஃப்.ஓ.வின் ஆன்லைன் குறைதீர்ப்புப் பகுதியில் புகாரைப் பதியுங்கள். சம்பளச் சீட்டு, பாஸ்புக் இரண்டின் படத்தையும் இணையுங்கள். நேரில் பேச விரும்பினால், 'நிதி ஆப்கே நிகட்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி முகாம் நடக்கிறது. அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாளில் நடக்கும்.

இ.எஸ்.ஐ.: கார்டு இருக்கு, கணக்கு இருக்கா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம். 12,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 90 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 390 ரூபாய். 90 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை, உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் என்று பல பலன்கள் இதில் இருக்கின்றன. ஆனால் அந்த 70 சதவீதம் கிடைக்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்பதை இ.எஸ்.ஐ.சி. இணையதளத்தில் காப்பீட்டாளர் பகுதியில் பார்க்கலாம். உமங்கிலும் இ.எஸ்.ஐ. சேவை உண்டு. குடும்பத்தினர் பெயர்கள் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தை பிறந்து வருடம் ஆகியும் பெயர் சேர்க்காத வீடுகள் நிறைய. இன்னொன்று: வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளே என்றாலும் பாதுகாப்பு உண்டு. 'புது ஆள், இன்னும் வரவில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

உங்கள் பேரில் எத்தனை சிம்?

ரோட்டோரக் குடையில் சிம் வாங்கும்போது, 'கைரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க' என்று சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டாவது ரேகையில் உங்கள் பேரில் இன்னொரு சிம் போயிருந்தால்? அதை வைத்து யாராவது மோசடி செய்தால் விசாரணை முதலில் வருவது உங்களைத் தேடித்தான்.

'சஞ்சார் சாத்தி' இணையதளம் 2023 மே மாதம் தொடங்கப்பட்டது, இப்போது ஆப்பாகவும் இருக்கிறது. மொபைல் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், உங்கள் பேரில் ஓடும் எண்களின் பட்டியல் வரும். ஒருவர் பேரில் அதிகபட்சம் 9 இணைப்பு வரை இருக்கலாம். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் அல்ல' என்று குறித்துப் புகார் கொடுங்கள். போன் தொலைந்தாலும், போலீஸ் புகாருக்குப் பிறகு இதே தளத்தில் அதை பிளாக் செய்யலாம். அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் போனபிறகு போனில் தேட முடியாதே!

மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்

தொழிற்சாலைகள் வருகிற பக்கம் மனை விளம்பரமும் வரும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் சாலைகளில் போனாலே தெரியும். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தை டோக்கன் அட்வான்ஸ் என்று நீட்டும் முன் மூன்று இடம் பாருங்கள்.

தமிழக அரசின் நில ஆவணங்கள் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தெரியும். நிலத்தின் வரைபடத்தையும் எடுக்கலாம். அடுத்து, பதிவுத்துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். அந்த இடம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று அதில் வரும். ஆன்லைனில் பார்ப்பது இலவசம். மூன்றாவது, 'டிஎன்ரெரா' தளம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் பதிவு எண்ணை அப்படியே நம்பாமல் தளத்தில் போட்டுப் பாருங்கள். இவையெல்லாம் முதல் கட்டம்தான். பத்திரம் எழுதும் முன் மூல ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம்.

ஊர்க் காற்றும் ஆற்று வெள்ளமும்

இதுவரை பார்த்தது உங்கள் பேரில் உள்ளவை. இனி ஊர் பேரில் உள்ளவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் கும்மிடிப்பூண்டியின் காற்றுத் தரக் குறியீடும் வருகிறது. 50 வரை நல்ல காற்று, 100 வரை பரவாயில்லை, 200 வரை மிதமான மாசு. 200-ஐத் தாண்டினால் மோசம், 300-ஐத் தாண்டினால் மிக மோசம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் வெளியே போகும் முன் ஒரு பார்வை பார்க்கலாம். ஒரு நிலையத்தின் அளவு எல்லாத் தெருவுக்கும் பொருந்தாதுதான். உங்கள் தெருவில் இரவில் புகை அதிகம் என்றால் தேதி, நேரம், படத்தோடு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கும்மிடிப்பூண்டி அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

மழைக்காலத்துக்கு 'டிஎன்-அலர்ட்'. தமிழக அரசு 2024-இல் கொண்டுவந்த ஆப் இது. மழை, இடி மின்னல், வெள்ள எச்சரிக்கை தமிழில் வரும். பூண்டி ஏரியிலிருந்து உபரிநீர் திறந்தால் அது கொசஸ்தலை ஆற்றில்தான் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபார்வர்டு செய்தியை நம்பி பதறுவதைவிட, இந்த ஆப்பின் எச்சரிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள்.

ரயிலில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு 'ரயில்ஒன்' ஆப்பில் முன்பதிவில்லா டிக்கெட் கிடைக்கும். கவுன்டர் வரிசை மிச்சம். பயண நேரத்தில் படிக்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் 'தமிழ் மின்நூலகம்' இருக்கிறது. பழைய நூல்கள், இதழ்கள் எல்லாம் இலவசமாகப் படிக்கலாம். ஒருமுறை உள்ளே போனால் இறங்கும் ஸ்டேஷனைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

அசலா, போலியா?

மேலே சொன்ன பெயர்களிலேயே போலிகளும் உலவலாம். இந்த நான்கை மட்டும் மறக்காதீர்கள்.

• அரசுத் தளத்தின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல் முகவரியைப் படியுங்கள்.

• ஆப்பை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' ஃபைலாக வரும் அபராத ரசீது, உதவித்தொகை ஆப் எதையும் தொடவே வேண்டாம்.

• ஓ.டி.பி.யை போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். 'பி.எஃப். ஆபீசிலிருந்து பேசுறோம்' என்றாலும்தான்.

• பி.எஃப். பணம் எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடு என்பவர்களிடம் யு.ஏ.என்., பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி இருக்கிறாரா? உமங் அவர் மொழியிலும் திறக்கும். உங்கள் பாஸ்புக்கைப் பார்த்து முடித்ததும் அவருடையதையும் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அவர் சம்பளத்திலும் அதே 12 சதவீதம்தான் பிடிக்கிறார்கள்.

கையோடு வைத்துக்கொள்ள

பி.எஃப். உதவி எண்: 14470
பி.எஃப். இருப்பு அறிய மிஸ்டு கால்: 99660 44425
இ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண்: 1800 11 2526
ஆன்லைன் பண மோசடி: 1930 (பணம் போனது தெரிந்த உடனே அழையுங்கள்; தாமதம் குறையக் குறைய மீட்கும் வாய்ப்பு கூடும்)
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
முதலமைச்சரின் உதவி மையம்: 1100