மண்புழு செல்லாத ஆறு!

டெல்லி கரோல்பாக்கில் குடியிருக்கும் தமிழர் அவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. 2023 ஜூன் மாதம் எல்.டி.சி. சலுகையில் காஷ்மீர் புறப்பட்டார். மனைவி, பத்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த தந்தை ஆகியோரும் உடன் சென்றார்கள்.

பெரியவருக்கு வயது 71. அம்பாசமுத்திரத்துக்காரர். தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாக வளர்ந்தவர். மகனுக்குத் தூண்டில் போடக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. மகன் வேலைக்காக வடக்கே வந்த பிறகு இருவரும் சேர்ந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்ததே இல்லை. இருபது வருடம் ஓடிவிட்டது!

ஸ்ரீநகரில் தால் ஏரிப் படகு வீட்டில் தங்கினார்கள். விடிந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல என்ன மீன் கெடைக்கும்?" என்பதுதான். ஏரியில் கெண்டை வகைகள் உண்டு, டிரவுட் வேண்டுமானால் மலைக்குப் போங்கள் என்றார் படகுக்காரர்.

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த தண்ணீரில் வாழும் மீன். தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும்; டிரவுட் தாங்காது. அது நம் நாட்டு மீனும் அல்ல. ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய பிராங்க் மிட்செல் என்பவர் முயற்சியால் வந்தது. 1899-ல் கப்பலில் வந்த முட்டைகள் வீணாகிவிட்டன. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. தால் ஏரிக்குப் பக்கத்தில் ஹார்வானில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் 1907-ல் இதேபோல் ஒன்று அமைந்தது. ஊட்டிக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

பகல்காம் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டர். அங்கே லிட்டர் ஆறு பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகிறது. மீன் பிடிக்க மீன்வளத் துறையின் பெர்மிட் வேண்டும். வாடகைத் தூண்டிலுக்குத் தனிப் பணம்.

"ஏல, ஆத்துல மீன் பிடிக்கச் சீட்டா?" என்றார் பெரியவர்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. அவர் அதிகாலையிலேயே மண்ணைக் கிளறி, புழுக்களைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்திருந்தார். உடன் வந்த வழிகாட்டி அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். இங்கே புழு கூடாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ மட்டுமே! பெரியவர் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டு பாறை ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் ஒரு மணி நேரம் வீசினார். நரம்பு இரண்டு முறை மரக்கிளையில் சிக்கியது. மீன் இல்லை. பெர்மிட்டுக்குக் கட்டிய பணம் அவர் மனக்கண்ணில் ஓடியது.

பெரியவர் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார். திடீரென்று, "ஏல! ஒன் நெழலு தண்ணியில விழுது. அது மேக்க பாத்து நிக்கி. கீழ எறங்கி, பின்னால வந்து போடு" என்று குரல் கொடுத்தார்.

உண்மைதான். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன். பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த இடத்தில் நின்று, மிதந்து வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். தெளிந்த தண்ணீரில் ஆள் நிழல் கண்டால் மறைந்துவிடும். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பெரியவர் கை காட்டிய இடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மகன் தூண்டிலைத் தந்தையிடமே கொடுத்தார். "நீங்களே போடுங்கப்பா."

நாலாவது வீச்சில் நரம்பு விண்ணென்று இழுத்தது! பேரன் கூச்சல் போட்டான். பழுப்பு உடம்பில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். ஆனால் நீளம் ஒரு சாண்கூட இல்லை. அளவு குறைந்த மீனை ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதி. டெல்லியிலிருந்து புளியும் குழம்புப் பொடியும் கட்டிக்கொண்டு வந்த மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வழிகாட்டி கையை நனைத்துக் கொண்டு முள்ளை எடுத்தார். பெரியவர் முழங்கால் வலியோடு குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் இரு கைகளாலும் தாங்கினார். அது செவுளை அசைத்தது. ஒரு துள்ளல். போய்விட்டது.

மறுநாள் சந்தன்வாரி போக டாக்சிக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். மனைவியும் மகனும் மட்டும் போனார்கள். குமாஸ்தா காலையிலேயே இன்னொரு பெர்மிட்டுக்காக வரிசையில் நின்றார்.