கொழுப்பு அழைக்கிறது, புற்று நகர்கிறது!

உடம்பில் சேரும் கொழுப்பு, புற்றுநோய்க்கு வழிகாட்டுமா? ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைப் பொறுத்தவரை, காட்டுகிறது என்றே ஆராய்ச்சி சொல்கிறது.

மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட். பெரிய நெல்லிக்காய் அளவு. எடை சுமார் 20 கிராம். வயது ஏற ஏற இது பருக்கும். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமே. சிலருக்கு மட்டும் அங்கே புற்று தோன்றுகிறது.

இந்தச் சுரப்பியை ஒட்டிக் கொழுப்பு படிந்திருக்கிறது. பார்வைக்கு வெறும் மெத்தைதான். ஆனால் அது சும்மா கிடப்பதில்லை!

பிரான்சு தேசத்துத் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2016-ஆம் ஆண்டில் இதன் மர்மத்தை வெளியிட்டார்கள். கொழுப்பு உயிரணுக்கள் சிசிஎல்-7 என்ற ரசாயனத்தைக் கசியவிடுகின்றன. அது சுரப்பியின் ஓரப்பகுதிக்குள் பரவுகிறது. புற்று உயிரணுக்கள் சிலவற்றின் மேல், அதைப் பற்றும் கொக்கி போன்ற அமைப்பு உண்டு. அதன் பெயர் சிசிஆர்-3. சர்க்கரையை மோப்பம் பிடித்துச் செல்லும் எறும்பைப் போல, அந்தப் புற்று உயிரணுக்கள் சுரப்பியைத் தாண்டிக் கொழுப்பை நோக்கி நகர்கின்றன. உடல் பருத்தவர்களிடம் இந்தக் கசிவு அதிகம். ஆராய்ச்சியில் அந்தக் கொக்கியை அடைத்தபோது, பருமனால் கூடிய நகர்வு நின்றுவிட்டது. நாளை ஒரு மருந்துக்கு இது வழி திறக்கலாம்.

இதில் என்ன விசேஷம்? புற்று சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்வரை குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. வெளியேறிப் பரவிவிட்டாலோ, சிகிச்சை கடினம்.

"தினையும் சாமையும் உண்டு, மேடு பள்ளம் ஏறி இறங்குகிறேன். என் உடம்பில் கொழுப்பேது?" என்று கொல்லிமலைப் பெரக்கரை நாட்டுப் பெரியவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கொழுப்பு மட்டுமே புற்றை உண்டாக்குவதில்லை. வயதும் பரம்பரையும் காரணங்களே. ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வரும். ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் தெரியாமலே இருக்கலாம்.

இரவில் பலமுறை எழுவது, சிறுநீர் தடைப்படுவது, அதில் ரத்தம் காண்பது இவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூசும் பெரியவர்கள் பலர். மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கவேண்டுமே என்ற தயக்கம் வேறு! நாமக்கல்லில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை டாக்டர் சொல்வார். தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

தொந்தியைக் குறைப்பது நல்லது. வெட்கத்தைக் குறைப்பது அதனினும் நல்லது!