ஓஸியின் முதல் சோலோ ஆல்பமும் ஒரு கிட்டார் வாத்தியாரும்

நான் ஆத்தூர்க்காரன். எங்க ஊர்ல கிட்டார் சத்தம்னா சேலம் பஸ்ல ஓடற ராஜா சார் பாட்டுதான். ஹெவி மெட்டலை இன்ஜினியரிங் ஹாஸ்டல்லதான் முதல்ல கேட்டேன். ரூம்மேட் என் காதுல ஹெட்போனை மாட்டி 'க்ரேஸி ட்ரெயின்' போட்டான். "யார்றா பாடறது?"ன்னு நான் கேக்கல. "யார்றா கிட்டார்?"னுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்னைக்கு எபிசோடு.

1979ல பிளாக் சபாத் பேண்டு தன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பிடுச்சு. குடியும் போதையும் அந்த அளவுக்குப் போயிருந்துச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு ஹோட்டல் ரூம்லயே அடைஞ்சு கிடந்தார். பின்னாடி அவர் மனைவியான ஷேரன்தான் மேனேஜராகி அவரை மறுபடி எழுப்பி நிக்க வெச்சாங்க.

அப்போ ஆடிஷனுக்கு வந்த பையன் ராண்டி ரோட்ஸ். வயசு 22. அம்மா டெலோரஸ் 'மியூசோனியா'ன்னு ஒரு மியூசிக் ஸ்கூல் நடத்தினாங்க. ராண்டி அங்க கிட்டார் வாத்தியார். அவர் இருந்த 'குவயட் ரயட்' பேண்டோட முதல் ரெண்டு ஆல்பமும் ஜப்பான்ல மட்டும்தான் வெளிவந்திருந்தது.

1980ல இங்கிலாந்தின் சரே பகுதியில இருந்த ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவுல 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' பதிவாச்சு. பேஸ் கிட்டார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக், கீபோர்டு டான் ஏரி. பாடல் வரிகள்ல பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதினது.

சரி, ராண்டி வாசிச்சதுல அப்படி என்ன இருக்கு? 'க்ரேஸி ட்ரெயின்' ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்தக் கிட்டார் வரி, எஃப் ஷார்ப் மைனர். நம்ம கணக்குல நடபைரவியோட சுரங்கள். கமகம் கிடையாது, சுரம் மட்டும்தான். ஓஸி பாட ஆரம்பிக்கறப்போ பாட்டு ஏ மேஜருக்கு மாறுது, அது சங்கராபரணம். இதுக்குப் புதுசா ஒரு சுரம்கூடத் தேவைப்படல. நடபைரவியோட காந்தாரத்தை சட்ஜமா வெச்சா சங்கராபரணம் வந்துடும். பாட்டு கிளாஸ் போனவங்க இதை கிரகபேதம்னு சொல்வாங்க. இருட்டா ஆரம்பிச்ச பாட்டு சட்டுனு வெளிச்சத்துக்கு வர்றது இதனாலதான்.

அடுத்து சோலோ. அதே சோலோவை நோட் மாறாம மறுபடி மறுபடி வாசிச்சு, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருக்கார். காப்பி பேஸ்ட் பண்ணினா சத்தம் மட்டும்தான் கூடும். கையால திரும்ப வாசிக்கறப்போ நூலளவு வித்தியாசம் வரும். அதுதான் அந்த அகலமான ஒலி. ஆல்பத்துல 'டீ'ன்னு ஒரு நிமிஷம்கூட இல்லாத கிளாசிக்கல் கிட்டார் துண்டு ஒண்ணு இருக்கு. அம்மாவுக்காக வாசிச்சது. ராஜா சாரும் கிளாசிக்கல் கிட்டாரை முறையாப் படிச்சவர். எனக்கு அந்தச் சத்தம் ஏற்கனவே தெரிஞ்ச மாதிரி இருந்ததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்.

டூர் போற ஊர்கள்ல எல்லாம் ராண்டி கிளாசிக்கல் வாத்தியாரைத் தேடிப் போய் பாடம் கேட்பாராம். 1982 மார்ச் 19, ஃப்ளோரிடாவுல சின்ன விமான விபத்து. 25 வயசு. ஓஸியோட அவர் ஸ்டுடியோவுல பதிவு பண்ணினது ரெண்டே ஆல்பம்தான்.

கதை இங்க முடியல. டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராயல்டி கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க, ஜெயிக்கல. 2002ல வந்த மறுபதிப்புல இவங்க ரெண்டு பேர் வாசிச்சதையும் அழிச்சுட்டு, வேற ஆட்களை வெச்சு பேஸையும் டிரம்ஸையும் புதுசா பதிவு பண்ணிப் போட்டாங்க. 2011 பதிப்புலதான் பழைய ஒலி திரும்பி வந்துச்சு.

என் முதல் வேலையில ஆறு மாசம் எழுதின கோடுக்கு டெமோ நடந்தது. ஸ்லைட்ல என் பேரு இல்ல. சின்ன விஷயம்தான், இன்னும் உறுத்துது. ஆனா என் கோடையாவது யாரும் அழிக்கல.

புற்றுநோயோட இருந்த கெர்ஸ்லேக், கடைசிக் காலத்துல பிளாட்டினம் டிஸ்க் கேட்டு ஓஸிக்குக் கடிதம் எழுதினார். ஓஸி தரச் சொன்னார். 2020ல கெர்ஸ்லேக் இறந்தார், 2025 ஜூலையில ஓஸியும் போயிட்டார்.

இந்த ஆல்பத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்க. முதல் தடவை ராண்டிக்காக. ரெண்டாவது தடவை பேஸையும் டிரம்ஸையும் மட்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.