உடலில் ஊறும் வழுவழுப்பு

கடற்காற்றில் பிறந்து வளர்ந்து, உத்தியோக நிமித்தம் டில்லியிலோ ஜெய்ப்பூரிலோ குடியேறிய நம்மவர்கள், முதற் குளிர்காலத்திலேயே ஓர் உண்மையை அறிந்துகொள்கிறார்கள். உதடு வெடிக்கிறது; கன்னம் சொரசொரப்பாகிறது; ஊரிலிருந்து கொணர்ந்த தேங்காய் எண்ணெயும் புட்டியில் உறைந்துபோகிறது. மருந்துக்கடைக்குச் சென்றால், ‘ஹையலுரானிக் அமிலம்’ என்று அச்சிட்ட சிறிய புட்டி ஒன்றை விலை கூறிக் கையில் தருகிறார்கள். அதே பெயரைக் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்திலும், முழங்கால் வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் ஊசி மருந்திலும் காண்கிறோம். ஒரே பொருள் இத்தனை பிணிகளுக்கும் மருந்தாகுமோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

அமிலம் என்றதும் தோலைச் சுடும் திராவகத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இது நம் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் பொருள். 1934 ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர், பசுவின் விழிக்குள் நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற பாகிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் ‘ஹையலோஸ்’ என்றால் கண்ணாடி. அச்சொல்லோடு, இதில் அடங்கிய யூரானிக் அமிலத்தின் பெயரையும் இணைத்துப் பெயர் சூட்டினர்.

இருவகைச் சர்க்கரைக் கூறுகள் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலியே இதன் அமைப்பு. நீரிலிட்டால் சங்கிலி விரிந்து, ஒன்றோடொன்று பின்னி, நீரைத் தன்னிடையே தேக்கிக்கொள்கிறது. ஆதலால் நூற்றுக்கு ஒரு பங்கு கரைத்தாலே நீர் கூழ்போல் கெட்டிப்படும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இது ஏறக்குறைய 15 கிராம் உள்ளது. பாதிக்குமேல் தோலில் இருக்கிறது. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, அதற்கீடாகப் புதிதாய் உண்டாகிறது. வயது ஏற ஏறத் தோலில் இதன் அளவு குறைகிறது.

இனி இதன் மருத்துவப் பயன்களைக் காண்போம். ஐயத்துக்கிடமின்றிப் பயன் தருவது கண் மருத்துவத்திலேயாம். ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஷ் என்னும் அறிஞர் இதனை மிகத் தூய்மையாக எடுக்கும் முறையை வகுத்தார். 1980 ஆம் ஆண்டையொட்டி இது கண்புரைச் சிகிச்சையில் வழக்கத்திற்கு வந்தது. விழியின் முன்னறை சரிந்துவிடாமல் தாங்கி நின்று, கருவிகள் உராய்வதால் கருவிழியின் உட்படலம் கெடாமல் இது காக்கிறது. கண் உலர்ந்து எரிவோர்க்கு, சோடியம் ஹையலுரானேட் என்ற பெயரில் சொட்டு மருந்தாகவும் உதவுகிறது.

முழங்கால் மூட்டின் நீரிலும் இப்பொருள் உண்டு. எலும்புகள் உராயாமல் வழுக்கிச் செல்ல அது துணை செய்கிறது. மூட்டுத் தேய்வில் இதன் செறிவு குறைவதால், ஊசிமூலம் செலுத்தினால் வலி தீரும் என்று எதிர்பார்த்தனர். ஆயினும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, வெறும் உப்புநீர் ஊசி போன்றவற்றோடு ஒப்பிடுகையில் கிடைக்கும் நிவாரணம் மிகச் சிறிதே என்று காட்டியது. தேய்ந்த குருத்தெலும்பை இது மீண்டும் வளர்ப்பதில்லை. உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியுமே முதற்கண் செய்யத்தக்கவை. சில ஊசி மருந்துகள் சேவற்கொண்டையிலிருந்து எடுக்கப்படுவதால், முட்டையும் கோழியும் ஒவ்வாதோர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். இக்காலத்தில் பெரும்பாலும் பாக்டீரியாக்களைக் கொண்டு நொதிக்கச் செய்தே இப்பொருளைத் தயாரிக்கிறார்கள்.

முகத்தில் பூசும் பூச்சோ, தோலின் மேற்புறத்தில் ஈரத்தைத் தேக்குவதோடு பெரிதும் நின்றுவிடும். நீண்ட சங்கிலிகள் தோலின் அடியாழத்திற்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே சுருக்கம் அடியோடு மறையும் என்று நம்புதல் வீண். வறண்ட காற்றில் இதனைப் பயன்படுத்துவோர், முகம் கழுவிய ஈரம் உலருமுன் பூசி, அதன்மேல் களிம்போ எண்ணெயோ தடவினால் ஈரம் வெளியேறாது.

எச்சரிக்கை வேண்டுவது அழகு ஊசியிலேயாம். உதட்டையும் கன்னத்தையும் நிரப்ப, சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்கிய கூழைச் செலுத்துவார்கள்; அது சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையோ, சிலருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவோ நிலைத்துப் பின்னர் கரையும். தவறி இரத்தக் குழாயினுள் புகுந்துவிட்டால் அவ்விடத்துத் தோல் அழுகக்கூடும். அரிதாகப் பார்வையே பறிபோதலும் உண்டு. ஹையலுரானிடேஸ் என்னும் நொதியை உடனே செலுத்தினால் கூழ் கரையும். ஆனால் அதனை அருகில் வைத்திருந்து, ஆபத்தை நொடியில் அறியும் பயிற்சியும் வேண்டும். அழகு நிலையத்தில் மலிவாகச் செய்கிறார்கள் என்று எவரேனும் அழைத்தால், ‘ஊசி போடுபவர் மருத்துவரா? கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா?’ என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிட்டாவிடின் திரும்பி வந்துவிடுவதே நன்று. ஊசிக்குப்பின் தோல் வெளுத்தாலும், கடுவலி தோன்றினாலும், பார்வை மங்கினாலும் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனையை நாடுங்கள்.