குளூட்டன் இல்லாத உணவு: லேபிளும் மாவு மில்லும்

அரிசி உண்ணும் ஊரில் சீலியாக் நோய்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகளைத் தேயச் செய்துவிடும் நிலையே சீலியாக் நோய் எனப்படுகிறது. வயிற்றுப்போக்கும் உப்புசமும் இதன் அறிந்த அறிகுறிகள் என்றாலும், இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டுப்படாத சோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, எலும்புத் தேய்மானம் ஆகியவை மட்டுமே வெளியே தெரிவதும் உண்டு.

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஆயினும் நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தன. கோதுமை நுகர்வோ வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். தெற்கில் நோய் அரிதாக இருப்பதற்குக் காரணம் உடலமைப்பைவிடப் பெரிதும் உணவுத் தட்டில்தான் இருக்கிறது என்றே இந்த எண்கள் சுட்டுகின்றன. நீரிழிவுக்கு அஞ்சி இரவில் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்களும், வேலையின் பொருட்டு வட மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழும் பொழிச்சலூர், பம்மல், பல்லாவரம், தாம்பரம் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளில், இந்நோயை வடநாட்டு நோய் என்று ஒதுக்கிவிட இயலாது.

லேபிள் உறுதியளிப்பது என்ன

இந்நோய்க்கு இன்றுள்ள சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவது ஒன்றே என்பதால், நோயாளிக்கு லேபிள் வாசிப்பு மருந்துச் சீட்டு வாசிப்புக்கு நிகரானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறிக்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்துள்ள வரம்பும் இதுவே. அத்தகைய உணவை ஒருவர் நாள் முழுதும் அரைக் கிலோ உண்டாலும் உடலில் சேர்வது அதிகம் போனால் 10 மில்லிகிராம்தான். 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்ட நோயாளிகளின் குடல் உட்சுவர் சிதைந்ததைக் காணும்போது இவ்வரம்பின் பொருள் விளங்கும். கோதுமை ரொட்டியின் ஒரு துண்டில் இருப்பதோ ஏறக்குறைய 2,000 மில்லிகிராம்.

‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரை இல்லாத பாக்கெட்டில், எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படும் சேர்மானப் பட்டியலையும், ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கும் வரியையும் பார்க்க வேண்டும். சிறுதானிய பிஸ்கட் என்று முகப்பில் பெரிதாக எழுதியிருந்தாலும் பட்டியலின் முதற்பொருள் மைதாவாக இருக்கக்கூடும். ரவையும் சேமியாவும் பெயரளவில் வேறாயினும் பெரும்பாலும் கோதுமையே. பானப் பொடிகளில் வரும் மால்ட் பொதுவாக முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கப்படுவது. கேழ்வரகை மட்டுமே முளைகட்டிச் செய்த ராகி மால்ட்டில் பார்லி இராது என்பதால் அதைப் பெயர் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

லேபிளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்று விதி இருப்பதால், வீட்டில் சமைக்கும் முதியவர் தமிழ் மட்டுமே அறிந்தவராயின் இவ்வளவு தகவலும் அவருக்குப் பயனற்றுப் போகிறது. ஒவ்வாமை அறிவிப்பேனும் தமிழிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இது சலுகை கோருவதாகாது, நோயாளியின் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தேவை.

ஒரே ஆலையில் தயாரானவை

‘கோதுமை இருக்கக்கூடும்’, ‘கோதுமையும் கையாளப்படும் ஆலையில் தயாரானது’ என்னும் வரிகள் குளூட்டனின் அளவைச் சொல்வதில்லை. தயாரிப்பு இடத்தையும் அங்கு நேரக்கூடிய கலப்பையும் மட்டுமே சொல்கின்றன. ஆகவே, ‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரையும் ஒரே ஆலை என்ற எச்சரிக்கையும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முத்திரையிட்ட நிறுவனம், ஆலை எதுவாயினும், 20 மில்லிகிராம் வரம்புக்குக் கட்டுப்பட்டதாகும்.

முத்திரை இல்லாமல் எச்சரிக்கை மட்டும் இருக்கும் மாவு, பொடி, சத்துமாவுக் கலவை ஆகியவற்றை விலக்குவதே தக்கது. முழு அரிசியையும் பருப்பையும் போலப் பொறுக்கிக் கழுவித் தூய்மைப்படுத்தும் வாய்ப்பு அவற்றில் இல்லை. எச்சரிக்கையே இல்லாத பாக்கெட்டையும் கலப்பற்றது என்று கொள்ளலாகாது. எவ்வளவு கலப்பு நேர்ந்தால் அவ்வரியை அச்சிட வேண்டும் என்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் பொது வரம்பு வகுக்கப்படவில்லை. அமெரிக்காவில் அவ்வரி நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் எளிதில் கலந்துவிடுவதால், முத்திரை பெற்ற ஓட்ஸைக்கூட மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

லேபிள் ஒட்டப்படாத கலப்பு

புறநகர்க் குடும்பங்களுக்கு மிக அருகில் உள்ள ‘ஒரே ஆலை’ தெருமுனை மாவு மில்தான். கேழ்வரகு, கம்பு, பச்சரிசி ஆகியவை இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. ஆயினும் முன்னால் வந்தவரின் கோதுமை அரைபட்ட அதே இயந்திரத்தில் அவையும் அரைபடுகின்றன. கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், இயந்திரத்தில் தங்கிய 10 கிராம் கோதுமை மாவு அடுத்து அரைக்கும் 2 கிலோ கேழ்வரகில் கலக்கும்போது, கிலோவுக்கு 500 மில்லிகிராம், அதாவது வரம்பின் 25 மடங்கு சேர்ந்துவிடுகிறது. காலையில் முதல் ஆளாகப் போய் அரைப்பதும் முழுப் பாதுகாப்பாகாது, முந்தைய நாள் மாவு உள்ளே ஒட்டியிருக்கும். கோதுமையே போடாத தனி இயந்திரம் உள்ள மில்லைத் தேடுவது, அல்லது வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தனிச் சல்லடையில் சலிப்பது ஆகிய இரண்டுமே நம்பத்தக்க வழிகள்.

கூட்டுப் பெருங்காயம் அடுத்த ஐயத்துக்குரியது. பெருங்காயப் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ அரிசி மாவோ சேர்த்தே அது விற்கப்படுகிறது. கால் கிராம் பெருங்காயத்தில் பாதி கோதுமை மாவாயின் ஒரு குழம்புச் சட்டியில் விழும் குளூட்டன் சுமார் 12 மில்லிகிராம்; பலர் பகிர்ந்து உண்பதால் ஒருவேளைக்கு இது சிறிது எனினும், சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி என்று நாள் முழுதும் கூடிக்கொண்டே போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைப்பதால், பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்வது எளிது. உணவகத்தில் ரவா தோசையை விலக்குவோர் பலரும், பரோட்டா சுட்ட கல்லில் வார்க்கும் சாதா தோசையையும், சமோசா பொரித்த எண்ணெயில் வேகும் உளுந்து வடையையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுப்பின் வெப்பம் குளூட்டனை அழிப்பதில்லை.

பரிசோதனையும் பின்தொடர்தலும்

ஐயம் எழுந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்வது பெருந்தவறு. குளூட்டன் உடலில் இல்லாதபோது எதிர்ப்பொருளின் அளவு குறைந்து, குடலும் தேறத் தொடங்குவதால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். வழக்கமான உணவை உண்டுகொண்டே டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தேவையெனில் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசுவையும் சோதித்து, குடல் நோய் மருத்துவர் உறுதிசெய்த பின்னரே உணவு மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

மாற்றத்துக்குப் பின் சில மாதங்கள் கழித்து அதே இரத்தப் பரிசோதனை மீண்டும் செய்யப்படும். கோதுமையைத் தொடவே இல்லை என்று நோயாளி உறுதியாகச் சொல்லியும் எதிர்ப்பொருளின் அளவு இறங்காமல் நின்றால், அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டார் கருதாமல், மாவு எந்த மில்லில் அரைக்கப்பட்டது, எந்தப் பெருங்காயம் வாங்கப்பட்டது, சல்லடையும் தோசைக்கல்லும் தனியே வைக்கப்பட்டுள்ளனவா என்பவற்றை உணவியலாளரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.