மேசைமீது ஓடும் இரயில்

மேசைமீது ஓடும் மாதிரி இரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் எஞ்சினில் பெரும்பாலும் மின்கலம் இராது. மின்சாரம் தண்டவாளத்திலிருந்தே வருகிறது. ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் ஒரு பக்கச் சக்கரத்தின் வழியே மோட்டாருக்கு ஏறி, மறுபக்கச் சக்கரத்தின் வழியே இறங்குகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும்.

'எச்.ஓ.' என்னும் அளவில் எல்லாமே உண்மையில் 87-இல் ஒரு பங்கு. 1,435 மி.மீ. பாதை 16.5 மி.மீ. ஆகிவிடும். பிரிட்டனில் ஒரு வேடிக்கை! அந்நாட்டு எஞ்சின்கள் உருவில் சிறியவை. அவ்வளவு சுருக்கினால் அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே வண்டியை மட்டும் 76-இல் ஒரு பங்காக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வண்டியைத் திருப்பி அனுப்பப் பாதையை வளையமாக்கி, புறப்பட்ட பாதையிலேயே சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒரு தண்டவாளத்தைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் வரைந்து பாருங்கள். சுற்றிவரும் சிவப்பு, நீலத்தில் போய் முட்டும். குறுக்குச்சுற்று! வண்டி அசையாது.

இதற்கு வழி உண்டு. வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிச் சிறு இடைவெளி விடுங்கள். வளையத்துக்குத் தனியாக மின்னிணைப்புக் கொடுங்கள். வளையம் வண்டியைவிட நீளமாக இருப்பது அவசியம். வண்டி முழுவதும் உள்ளே வந்ததும் வெளிப்பாதையின் முனைகளை மட்டும் மாற்றுங்கள். அது நிற்காமல் வெளியேறும். இலக்கமுறைக் கட்டுப்பாட்டில் வளையத்தின் முனைகளை ஒரு சிறு மின்னணுக் கருவி தானே மாற்றிவிடுகிறது. ஆனால் முதலில் கையால் சுவிச்சைத் தள்ளிப் பாருங்கள், அதில்தான் சுவை.