மாணாக்கரும் மனநோய் மருந்தும்

கல்விக்கு இன்றியமையாதன பல. நூலும் ஆசிரியரும் ஓய்வும் அவற்றுட் சில. இவை யாவும் வாய்த்திருப்பினும் மனம் ஒருமைப்படாவிடின் கற்றல் நிகழாது. மனத்தை ஒரு பொருளின்கண் நிறுத்தும் ஆற்றலை மனச்செறிவு என்பர். இவ்வாற்றல் சோம்பலாலும் விளையாட்டு விருப்பாலும் கெடும் என்பதை யாவரும் அறிவர். ஆயின் அது நோயினாலும் கெடும். அந்நோய்க்கு உண்ணும் மருந்தினாலும் ஒரோவழி மங்கும். இவற்றையும் சோம்பலென்றே கருதி மாணாக்கரைக் கடிந்துகொள்ளுதல் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்றும் நிகழ்கின்றது. மனநோய்க்கு மருந்துண்டுகொண்டே படிக்கும் மாணாக்கர் ஒழுகவேண்டிய முறை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மனநோயை மருந்தினால் தணிக்கலாம் என்னும் துணிபு மிகப் பழையதன்று. 1949ஆம் ஆண்டில் ஜோன் கேட் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியர், அளவிறந்த மனவெழுச்சியை இலிதிய உப்பு தணித்தலைக் கண்டு வெளியிட்டார். 1952இல் பாரிஸ் நகரில் ஜான் டெலே, பியர் டெனிகர் ஆகிய இருவரும் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்தை மனநோயாளருக்கு அளித்து நற்பயன் கண்டனர். 1957இல் சுவிற்சலாந்தைச் சேர்ந்த ரோலண்ட் கூன் என்பார் இமிப்ரமீன் மனச்சோர்வை நீக்குதலை அறிவித்தார். இன்று பெருவழக்கிலுள்ள புளுஒக்சற்றீன் 1987இல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. இவற்றின் பயனாக, முன்னாளிற் கல்வியை முற்றாகக் கைவிட்டிருக்கக்கூடிய இளைஞர் பலர் இன்று பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்கின்றனர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். மருந்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் பேசுவார் பலர். நோயுற்றவன் தானே செய்யவேண்டியனவும் உடனிருப்போர் செய்யவேண்டியனவும் அத்துணை பேசப்படுவதில்லை. மாணாக்கரைப் பொறுத்தவரையில் இவ்விரண்டுமே பெரிதும் வேண்டப்படுவன.

முதற்கண் வினவவேண்டியது, மனச்செறிவைக் கெடுப்பது நோயா, மருந்தா என்பதாம். மனச்சோர்வுற்றவன் ஒரே பக்கத்தைப் பன்முறை படித்தும் பொருள் கொள்ளான். சிந்தனை தளர்தல் அந்நோயின் குறிகளுள் ஒன்றாகும். பதகளிப்பு நோயிற் கவனம் அச்சத்தின்பாற் சென்றுவிடுதலால் பாடத்தின்பால் நில்லாது. கவனக் குறைபாட்டு நோயோ சிறு பராயந்தொட்டுத் தொடர்வது. இந்நோய்களுக்குப் பொருந்திய மருந்து மனச்செறிவை மீட்டுத் தருவதேயாம். எனினும் மந்தப்படுத்தும் இயல்புடைய மருந்துகளும் உள. ஒலன்சபீன், அமிற்றிப்ரிலீன் போல்வன துயிலை வருவிப்பன. டயசெப்பாம் இனத்தைச் சேர்ந்தவை புதியன மனத்திற் பதிதலைத் தடுப்பன. பிற மருந்துகளால் உண்டாகும் நடுக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் பென்செக்சோலும் ஞாபகத்தை மங்கச் செய்வதுண்டு.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு எளிய வழி, காலத்தை நோக்குதலாகும். மருந்து தொடங்குமுன்னரே கவனம் கெட்டிருந்ததாயின் நோய் காரணமாதல் கூடும். மருந்து தொடங்கிய பின்னரோ அளவு கூட்டிய பின்னரோ மந்தம் புதிதாகத் தோன்றியதாயின், அன்றிக் குளிசை உண்ட சில மணிநேரத்தில் மிகுந்து பின்னர்க் குறைவதாயின், மருந்து காரணமாதல் கூடும். ஆதலின் மருந்துண்ட நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், தெளிவாகப் படிக்க இயன்ற நேரம் ஆகிய நான்கினையும் ஒரு சிறு கொப்பியில் இரண்டு வாரம் குறித்து வைத்தல் வேண்டும். “எனக்குப் படிக்க முடியவில்லை” என்று மருத்துவரிடம் முறையிடுதலினும், “இரவு பத்து மணிக்கு உண்ட மருந்தின் மயக்கம் காலை ஒன்பது மணிவரை நீங்குவதில்லை” என்று கூறுதல் பன்மடங்கு பயன் தரும். அதனைக் கேட்ட மருத்துவர் மருந்தை முன்னிரவில் உண்ணுமாறு பணிக்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறொன்றை அளிக்கலாம்.

தெளிவுள்ள நேரம் எதுவென அறிந்தபின் பாடங்களையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளல் வேண்டும். கணிதமும் பௌதிகமும் போன்ற கடினமான பாடங்களைத் தெளிந்த வேளைக்கும், படம் வரைதல், குறிப்பெழுதுதல் போல்வனவற்றை மந்தமான வேளைக்கும் ஒதுக்கலாம். கவனக் குறைபாட்டுக்கு வழங்கும் மீதைல்பெனிடேற்றின் குறுங்கால வகை ஏறக்குறைய நான்கு மணிநேரமே தொழிற்படுவது. மாலையில் உண்டால் உறக்கம் கெடும். ஒருவருக்கென அளித்த இம்மருந்தைத் தோழர் வாங்கி உண்ணுதல் ஆபத்தானது. மூன்று மணிநேரம் தொடர்ந்து படிக்க இயலாதவன் இருபது நிமிடம் படித்து, நூலை மூடி, படித்ததை எழுதிப் பார்த்துச் சிறிது உலாவி மீண்டும் தொடங்குவானாயின் நாளடைவில் மிகுதியும் கற்பான்.

இனி, மாணாக்கர் செய்யும் பிழைகளுள் மிகக் கொடியது, பரீட்சை அணுகும்போது மருந்தைத் தாமே நிறுத்திவிடுதலாகும். துயில் வருவிக்கும் மருந்தை நிறுத்திய முதல் நாட்களில் மயக்கம் நீங்கி அறிவு தெளிந்தாற்போலத் தோன்றுதல் உண்டு. அத்தோற்றமே அவர்களை ஏமாற்றுவது. மனச்சோர்வு மருந்துகள் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், மின்னதிர்வு போன்ற உணர்ச்சி ஆகியன சில நாட்களுள் தோன்றலாம். நோயோ வாரங்கள் கழித்து மீளும். உயர்தரப் பரீட்சை ஒரு நாளில் முடிவதன்று, வாரக்கணக்கில் நீள்வது. முதல் வினாத்தாளை ஊக்கத்துடன் எழுதியவன் இறுதி வினாத்தாளுக்குச் செல்லவியலாது வீட்டிற் கிடக்கவும் நேரும். ஆண்டுகள் பல முயன்று பெற்ற அறிவு அவ்வாறு வீணாதல் இரங்கத்தக்கதன்றோ? மருந்து மாற்றம் வேண்டுமாயின் பரீட்சைக்குச் சில மாதம் முன்னரே மருத்துவரிடம் பரீட்சைத் தேதியைக் கூறிக் கேட்டல் வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் பயன்தரத் தொடங்குதற்கே இரண்டு முதல் நான்கு வாரம் செல்லுமாதலால், பரீட்சைக்கு முந்திய வாரம் மாற்றம் செய்தற்கு உரிய காலமன்று.

நம்மவர் ஒழுக்கத்தோடு இயைந்த செய்தியொன்றும் உண்டு. கந்தசஷ்டி விரதத்தை நீர் மட்டும் அருந்தியும், உப்பை நீக்கியும் நோற்பார் நம்மிடையே உளர். இலிதியம் உண்பவர் உடலில் உப்பும் நீரும் குறையின், சிறுநீரகம் இலிதியத்தைப் போதியளவு வெளியேற்றாது. குருதியில் அதன் அளவு ஏறி நஞ்சாகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த நடுக்கம், தள்ளாட்டம் என்பன அதன் அடையாளங்கள். இவை தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஆதலின் இம்மருந்துண்பவர் மருத்துவரைக் கேளாது உபவாசம் இருத்தல் ஆகாது. பரீட்சைக் காலத்து இரவு முழுதும் கண்விழித்துப் படித்தலும் இவர்களுக்கு ஒவ்வாது. உறக்கமின்மை மனவெழுச்சி நோயை மீட்டுந் தூண்டவல்லது.

இறுதியாக, உடனிருப்போர் கடமையைக் கூறுவாம். இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் சிலருக்கு, மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுதல் கூடும் எனக் கண்டு, அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2004இற் சிறார் குறித்தும் 2007இல் இளைஞர் குறித்தும் எச்சரிக்கை விடுத்தது. இதனால் மருந்தை வெறுத்தல் கூடாது. நோயை மருந்தின்றி விடுதலும் உயிர்க்கு இடரே. அவ்வாரங்களிற் பெற்றோர் பிள்ளையைத் தனியே விடாது, அமைதியின்மையோ சாவைப் பற்றிய பேச்சோ காணின் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். ஆசிரியர், வகுப்பில் உறங்கும் மாணாக்கனைப் பிறர் முன்னிலையிற் பழித்தலை விடுத்து, தனியே அழைத்துக் காரணம் வினவுதல் வேண்டும். அறிந்ததை ஆசிரியர் அறையிற் பரப்பலாகாது. தோழர் எள்ளி நகையாடாது, தவறிய பாடக்குறிப்பைக் கொடுத்துதவல் வேண்டும். மருந்துண்ணுதல் வெளிப்படின் இழிவு வரும் என்னும் அச்சமே பலரை மருந்தை ஒளித்து வைக்கவும், பின்னர் நிறுத்தவும் செய்கின்றது.

கண்ணாடி அணிந்து படிப்பவனை நாம் இகழ்வதில்லை. மருந்துண்டு படிப்பவனும் அவனைப் போன்றவனே. தன் நிலையை உணர்ந்து, குறித்து, உண்மையை மருத்துவரிடம் உரைத்து, உரிய காலத்தில் மருந்துண்டு கற்கும் மாணாக்கன் நோயின் நடுவிலும் கல்வியை இழவான். அவனுக்கு நிழலாய் நிற்றல் வீட்டினதும் கல்லூரியினதும் கடனாகும்.